கைகள் மறந்த பிரசவம்

2000 அக்டோபர் 21ஆம் தேதியிட்ட 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. வயிற்றில் தலை கீழே இறங்காமல் பிட்டமோ காலோ முன்னே இருக்கும் குழந்தையைத் திட்டமிட்ட சிசேரியன் மூலம் எடுப்பதா, இயல்பான வழியில் பிறக்கவிடுவதா என்பதே அதன் கேள்வி; சிசேரியனே குழந்தைக்குப் பாதுகாப்பானது என்பது அதன் விடை. அறிக்கை வந்த இரண்டே மாதங்களில், நெதர்லாந்தில் இத்தகைய குழந்தைகளுக்கான சிசேரியன் விகிதம் 50 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக ஏறியது. ஆய்வில் பங்கெடுத்த மருத்துவமனைகளைப் பின்னர் விசாரித்தபோது, பதில் தந்த 80 மையங்களில் 92.5 சதவீதம் சிசேரியனுக்கு மாறிவிட்டதாகக் கூறின. புதிய மருந்தொன்று சந்தைக்கு வந்தால்கூட மருத்துவர்களின் பழக்கம் மாற ஆண்டுகள் பிடிக்கும். இங்கே பல நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த ஒரு வித்தை, சில மாதங்களில் பிரசவ அறையைவிட்டு வெளியேறியது.

அந்த ஆய்வு கண்டது பொய்யல்ல. ஆனால் இரண்டு வழிகளை ஒப்பிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்ட அந்த ஆய்வு, உண்மையில் பெருமளவு அளந்தது பிரசவம் பார்த்தவர்களின் தேர்ச்சியையும் பெண்களைத் தேர்ந்தெடுத்த விதத்தையும்தான் என்பது என் வாதம். இதை உணர மருத்துவ உலகுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் தேர்ந்த கைகள் பல ஓய்வு பெற்றுவிட்டன.

கர்ப்பத்தின் 28ஆவது வாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை இந்த நிலையில்தான் இருக்கும். மாதம் நிறையும்போது பெரும்பாலானவை தாமாகவே திரும்பிவிட, 100க்கு மூன்று நான்கு மட்டும் அப்படியே நின்றுவிடும். அவற்றிலும் வகைகள் உண்டு. இரண்டு கால்களையும் நீட்டி முகத்தருகே வைத்துக்கொண்டு பிட்டத்தால் அமர்ந்திருப்பது ஒன்று. சம்மணமிட்டதுபோல் கால்களை மடக்கியிருப்பது இன்னொன்று. ஒரு பாதம் பிட்டத்துக்கும் கீழே இறங்கி நிற்பது மூன்றாவது. முதல் வகையில் பிட்டமும் தொடைகளும் சேர்ந்து கருப்பை வாயை நன்றாக அடைத்துக்கொள்வதால், பனிக்குடம் உடைந்தாலும் தொப்புள்கொடி நழுவி வெளியே விழுவது அரிது. பாதம் முன்னே வரும் வகையில் அந்த ஆபத்து பல மடங்கு அதிகம். பிட்டம் முன்னே வரும் பிரசவம் ஆபத்தானதா என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஆபத்தின் அடிப்படை எல்லா வகைக்கும் ஒன்றே. தலை முன்னே வரும் பிரசவத்தில், உடலிலேயே பெரிதும் கடினமுமான பகுதி முதலில் இறங்கி, பல மணி நேரம் எடுத்துக்கொண்டு இடுப்பெலும்பின் அளவுக்குத் தன்னை வடிவமைத்துக்கொள்கிறது. அது வெளியே வந்துவிட்டால் மற்றவை தொடர்ந்து வந்துவிடும். பிட்டம் முன்னே வந்தாலோ தலை கடைசியில் வருகிறது. குழந்தையின் தொப்புள் வெளியே தெரிந்ததும், கொடி தாயின் இடுப்பெலும்புக்கும் குழந்தையின் தலைக்கும் இடையே நசுங்கத் தொடங்கும். அதன் பிறகு காத்திருப்பதற்கு மிஞ்சுவது சில நிமிடங்களே. அந்த நிமிடங்களில் பதறி இழுக்கக் கூடாது, கை கட்டி நிற்கவும் கூடாது. எப்போது தொடாமலிருப்பது, எப்போது தொடுவது என்று அறிவதுதான் இந்தக் கலையின் சாரம்.

இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு அறிந்த ஒரு சான்று உண்டு. 1859 ஜனவரி 27 அன்று பெர்லினில், பிரிட்டிஷ் அரசி விக்டோரியாவின் 18 வயது மூத்த மகளுக்கு முதல் பிரசவம். குழந்தை பிட்டம் முன்னே வந்தது. நீண்ட வலிக்குப் பிறகு, தாயைக் குளோரோஃபார்மில் ஆழ்த்திவிட்டு, பேராசிரியர் எட்வர்ட் மார்ட்டின் குழந்தையை வெளியே எடுத்தார். மேலே தூக்கியிருந்த கைகளை விடுவிக்கும் முயற்சியில் இடது தோளின் நரம்புகள் சேதமடைந்தன. அசைவின்றிப் பிறந்த குழந்தையைப் பாடுபட்டு உயிர்ப்பித்தார்கள். அவர்தான் பின்னாளில் ஜெர்மனியின் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். குட்டையாகிப்போன இடது கையைப் பாக்கெட்டிலோ வாளின் பிடிமீதோ மறைத்து நிற்கும் அவருடைய படங்களை இன்றும் பார்க்கலாம். கீழிருந்து இழுக்கும்போது, மார்போடு ஒட்டியிருக்க வேண்டிய கைகள் தலைக்குமேல் போய்விடுகின்றன. நெஞ்சில் தாடை பதிய குனிந்திருக்க வேண்டிய தலை நிமிர்ந்து அகலமாகிறது. சுலபமாக வந்திருக்கக்கூடிய குழந்தையும் அப்போது சிக்கிக்கொள்ளும்.

இதைத் தவிர்க்கவும், தவிர்க்க முடியாமல் சிக்கினால் விடுவிக்கவும் தலைமுறை தலைமுறையாக உத்திகள் சேர்ந்தன. 17ஆம் நூற்றாண்டு பாரிசின் ஃபிரான்சுவா மோரிசோ, 18ஆம் நூற்றாண்டு லண்டனின் வில்லியம் ஸ்மெல்லி ஆகியோரின் பெயரால் வழங்கும் முறையில், குழந்தையின் உடலை முன்கையில் கிடத்தி, விரல்களால் முகத்தைத் தாங்கித் தலையைக் குனியவைத்து வெளியே கொண்டுவருவார்கள். நார்வேயின் யோர்கன் லோவ்செட் 1930களில், குழந்தையின் உடலை ஒரு பக்கமும் பின் மறுபக்கமும் சுழற்றினால் மேலே மாட்டிய கைகள் தாமே கீழே வரும் என்று காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் பெர்லினில் எரிக் பிராக்ட், இழுக்கவே வேண்டாம், வெளியே வந்த உடலைத் தாங்கித் தாயின் வயிற்றை நோக்கி மெல்ல வளைத்துக்கொடுத்தால் போதும் என்றார். இவற்றில் எதையும் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. மூத்தவரின் கைக்கருகே நம் கையை வைத்துத்தான் கற்க முடியும்.

சிசேரியன் பக்கம் சாய்வு 2000இல் தொடங்கியதும் அல்ல. மயக்க மருந்தும் இரத்தம் ஏற்றும் வசதியும் ஆன்டிபயாட்டிக்கும் அறுவையைப் பாதுகாப்பாக்கிய பிறகு, 1959இலேயே அமெரிக்காவில் ரைட் என்ற மருத்துவர் பிட்டம் முன்னே உள்ள குழந்தைகளுக்கெல்லாம் சிசேரியனே செய்யலாம் என்று எழுதினார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் விகிதம் ஏறிக்கொண்டே போனது. ஆனாலும் ஊருக்கு ஊர், மருத்துவருக்கு மருத்துவர் நடைமுறை வேறுபட்டது. இந்த நிலையில் ஒரு பெரிய, பாரபட்சமற்ற சோதனை தேவைப்பட்டது உண்மை. டொராண்டோவின் மேரி ஹன்னா தலைமையிலான குழு அந்தப் பொறுப்பை ஏற்றது. 26 நாடுகள், 121 மையங்கள், 2088 பெண்கள். யாருக்கு எந்த வழி என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. 2800 பேர்வரை சேர்ப்பதாகத் திட்டம். இடைக்கால முடிவுகளைப் பார்த்ததும் முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

குழந்தை இறப்பும் கடும் பாதிப்பும் சேர்ந்து, திட்டமிட்ட சிசேரியன் குழுவில் 1.6 சதவீதம், இயல்பான பிரசவம் திட்டமிட்ட குழுவில் 5 சதவீதம். இறப்பு மட்டும் பார்த்தால் 1039 குழந்தைகளுக்கு 3 என்பதற்கு எதிராக 13. பொறுப்புள்ள எந்த மருத்துவரும் இந்த எண்களைக் கண்டும் காணாமல் போக முடியாது. 2001 டிசம்பரில் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, நிறைமாதக் குழந்தை பிட்டம் முன்னே இருந்தால் திட்டமிட்ட இயல்பான பிரசவம் இனிப் பொருத்தமாக இராது என்று அறிவித்தது. நீதிமன்றங்களை நினைத்து அஞ்சும் ஒரு தொழிலில், அந்த வாக்கியத்துக்குப் பிறகு துணிந்து கை நீட்ட யார் முன்வருவார்?

எண்களுக்குப் பின்னே இருந்தவை மெல்ல மெல்ல வெளிவந்தன. கனடாவின் ஆண்ட்ரூ கோட்டஸ்கா 2004இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழிலும், இஸ்ரேலின் மாரெக் கிளெசர்மன் 2006இலும் ஆய்வைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். அனுபவசாலி என்ற தகுதியை மருத்துவர் தாமே கூறிக்கொள்ள, துறைத்தலைவர் உறுதிசெய்தால் போதும் என்றிருந்தது. வலி தொடங்கிய பின் முன்னேற்றம் மிக மெதுவாக இருந்தாலும் காத்திருக்க விதி இடம் கொடுத்தது. இதயத்துடிப்பைத் தொடர்ந்து கருவியில் பார்ப்பது கட்டாயமாக இல்லை. இறந்த குழந்தைகளின் விவரங்களை ஒவ்வொன்றாகப் படித்தபோது, பலவற்றுக்குப் பிறந்த வழியைக் காரணம் சொல்ல முடியவில்லை என்றார் கிளெசர்மன். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. குலுக்கல் முறை ஒரு மாத்திரையைச் சோதிக்க மிகச் சிறந்த கருவி. மாத்திரை எந்த ஊரிலும் ஒரே மாத்திரைதான். பிரசவம் பார்ப்பது அப்படியல்ல. 121 மையங்களில் 121 விதமான கைகள் இருந்தன.

பிறகு வந்தது இரண்டு வயதுக் கணக்கு. 923 குழந்தைகளை மறுபடி பார்த்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு அல்லது வளர்ச்சிக் குறைபாடு சிசேரியன் குழுவில் 3.1 சதவீதம், இயல்பான பிரசவக் குழுவில் 2.8 சதவீதம். வேறுபாடே இல்லை. பிறந்தவுடன் கடும் பாதிப்பு என்று பட்டியலிட்ட குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோருமே நன்றாக இருந்தார்கள். முதல் அறிக்கை உலகைப் புரட்டிப்போட்டது. இந்த இரண்டாம் அறிக்கையின் ஓசை அந்த அளவுக்கு எட்டவில்லை.

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பல மருத்துவமனைகள் பழைய வழக்கத்தை விடவில்லை. அங்கே 174 மையங்களில் 8105 பெண்களைப் பின்தொடர்ந்து, ஃபிரான்சுவா கோஃபினே குழு 2006இல் முடிவை வெளியிட்டது. குலுக்கல் இல்லை. அந்தந்த மருத்துவமனை தன் வழக்கப்படி தேர்ந்தெடுத்து, தன் வழக்கப்படி பிரசவம் பார்த்தது. இயல்பான பிரசவம் திட்டமிட்ட 2526 பேரில் 71 சதவீதம் பேர் அப்படியே பெற்றார்கள். இறப்பும் கடும் பாதிப்பும் அந்தக் குழுவில் 1.6 சதவீதம், சிசேரியன் குழுவில் 1.45. இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். இங்கே முக்கத் தொடங்கிய பின் ஒரு மணி நேரத்தைத் தாண்டியவர்கள் 1000க்கு இரண்டு பேர்தான். கனடியர் நடத்திய ஆய்விலோ 100க்கு ஐந்து பேர். சரியாக இறங்கவில்லை என்றால் நேரத்தோடு அறுவைக்குப் போய்விடுவது என்ற ஒழுங்கு பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. எனவே இரண்டு ஆய்வுகளும் மோதவில்லை என்றே நான் வாசிக்கிறேன். ஒன்று கவனமாகத் தேர்ந்தெடுக்காதபோது நடப்பதைச் சொன்னது. மற்றது தேர்ந்தெடுத்தால் நடப்பதைச் சொன்னது.

மருத்துவ அமைப்புகள் தம் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டன. 2006இல் அமெரிக்கக் கல்லூரி தன் கருத்தைத் தளர்த்தி, பிரசவம் பார்ப்பவரின் அனுபவத்தைப் பொறுத்து முடிவு அமையலாம் என்றது. 2009இல் கனடாவின் மகப்பேறு மருத்துவர் சங்கம், தேர்ந்தெடுத்த பெண்களுக்கு இயல்பான பிரசவம் ஏற்கத்தக்கதே என்றும் பயிற்சியை மீட்டெடுக்க வேண்டும் என்றும் அறிவித்தது. எந்த நாட்டிலிருந்து அந்த ஆய்வு புறப்பட்டதோ அதே நாடு!

இத்தனைக்கும் பிறகு, சிசேரியனுக்கு ஆதாயமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நெதர்லாந்தில் அந்த இரண்டு மாதத் திருப்பத்துக்குப் பின் இத்தகைய குழந்தைகளின் இறப்பு 0.35 சதவீதத்திலிருந்து 0.18ஆகக் குறைந்தது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான அரச கல்லூரி 2017இல் தந்த கணக்கு இது: 39 வாரத்துக்குப் பிறகு திட்டமிட்ட சிசேரியன் என்றால் 1000க்கு 0.5 இறப்பு, பிட்டம் முன்னே உள்ள குழந்தைக்கு இயல்பான பிரசவம் திட்டமிட்டால் 1000க்கு 2, தலை முன்னே உள்ள குழந்தையின் இயல்பான பிரசவத்தில் 1000க்கு 1. நான்கு மடங்கு என்று சொன்னால் எந்தத் தாயும் நடுங்குவாள். ஆயிரத்தில் 998 குழந்தைகள் பிழைக்கும், யாரும் கேள்வி கேட்காத சாதாரணப் பிரசவத்தில் 999 பிழைக்கும் என்று சொன்னால் நின்று யோசிப்பாள். இரண்டுமே உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

தராசின் மறுதட்டில் தாய் இருக்கிறாள். பின்னர் வந்த ஒரு டச்சுக் கணக்கின்படி, ஒரு குழந்தையின் இறப்பைத் தடுக்கக் கூடுதலாக 338 சிசேரியன்கள் தேவைப்பட்டன. 2000 முதல் 2002 வரையிலான காலத்தில், பிட்டம் முன்னே இருந்த காரணத்துக்காக மட்டும் திட்டமிட்டுச் செய்த சிசேரியனுக்குப் பின் நான்கு டச்சுத் தாய்மார்கள் இறந்தார்கள். அடுத்த கர்ப்பத்தில் தழும்பு பிரியும் அபாயமும், நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஊன்றிக்கொள்ளும் அபாயமும் தனி. இந்த இரண்டாவது அபாயம் ஒவ்வோர் அறுவைக்கும் கூடிக்கொண்டே போகும். நான்கைந்து பிள்ளைகள் பெறும் ஊர்களில் இது பெரிய விஷயம். கனடிய ஆய்விலேயே, குழந்தை இறப்பு அதிகமுள்ள நாடுகளில் சிசேரியனின் ஆதாயம் 2.9க்கு 4.4 என்று சுருங்கி, தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவில் நின்றது. சிசேரியன் யாருக்கு அதிகச் சுமையோ அவர்களுக்கே அதன் பலன் குறைவாகத் தெரிந்தது. அந்த நாடுகளும் பணக்கார நாடுகளைப் பின்பற்றி வழக்கத்தை மாற்றியதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தமிழ்நாட்டை வைத்துப் பார்த்தால் கணக்கு சற்று மாறும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) இங்கே 100 பிரசவங்களில் 44.9 சிசேரியன்; இந்தியச் சராசரி 21.5. ஒரு பெண் பெறும் பிள்ளைகள் சராசரியாக 1.8. இரண்டோடு நிறுத்தும் குடும்பத்துக்கு மூன்றாம், நான்காம் அறுவையின் அபாயம் எட்டாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இரண்டாவதும் சிசேரியன் என்பது இங்கே ஏறக்குறைய எழுதாத விதி. பயிற்சியைப் பார்த்தாலோ, மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு வாய்மொழித் தேர்வுக்குப் போகும் ஒவ்வொரு மாணவரும் டம்மி எனும் துணிப் பொம்மையையும் பெல்விஸ் எனும் இடுப்பெலும்பு மாதிரியையும் கையில் எடுத்து, பிட்டம் முன்னே வரும் குழந்தை எப்படிச் சுழன்று இறங்கும், கை மாட்டினால் என்ன செய்வது, தலை நின்றால் என்ன செய்வது என்று சொல்லிக் காட்டுகிறார். துணிப் பொம்மை அவர் கைக்கு அடங்கிச் சுழல்கிறது. வழுக்கும், வெதுவெதுப்பான, நீலம் பாரித்த உண்மையான உடலைத் தொடும் வாய்ப்பு அவர்களில் வெகு சிலருக்கே வாய்க்கும்.

எல்லாவற்றுக்கும் சிசேரியன் என்று முடிவெடுத்துவிட்டால் இந்தத் திறமை தேவைப்படாதே என்று கேட்கலாம். தேவைப்படும். கேம்பிரிட்ஜில் முதல் குழந்தை சுமந்த 3879 பெண்களுக்கு 36 வாரத்தையொட்டி ஸ்கேன் எடுத்தபோது 179 பேருக்குக் குழந்தை பிட்டம் முன்னே இருந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதுவரை அப்படியொரு சந்தேகமே யாருக்கும் எழவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்தவர் பிட்டத்தைத் தலை என்றே எண்ணியிருந்தார். இப்படித் தெரியாமலே வலி எடுத்து, கருப்பை வாய் முழுதாகத் திறந்த நிலையில் வந்து சேரும் பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிப்போக நேரமிருக்காது. அந்த நள்ளிரவில் பணியிலிருக்கும் இளம் மருத்துவர் இதற்குமுன் ஒருமுறையாவது பார்த்திருக்கிறாரா என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும். குறைமாதத்தில் அவசரமாகப் பிறப்பவையும், இரட்டையில் இரண்டாவதாக வருபவையும் இந்தக் கணக்கில் சேரும்.

நம்பிக்கை தரும் வேலை சில இடங்களில் நடக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபிராங்க் லௌவன் குழு, மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்திக் கட்டும் பழைய முறையை விட்டு, தாயை முழங்காலும் கையும் ஊன்றியிருக்கச் சொன்னது. மேரி க்ரோங்க் போன்ற ஆங்கிலேய மருத்துவச்சிகள் முன்பே பழகிவந்த நிலைதான் இது. அப்படி இருக்கும்போது குழந்தையின் எடை தாயின் முன்பக்கமாகத் தொங்குகிறது. பின்னால் அமர்ந்திருப்பவருக்குக் குழந்தையின் மார்பும் வயிறும் நேராகத் தெரிகின்றன. கைகள் மார்பில் மடிந்து வருகின்றனவா என்பதை மார்பின் நடுவில் விழும் மடிப்பு காட்டிக்கொடுக்கும். இறுதியில் குழந்தை முழங்கால்களை மேலே இழுத்து, வயிற்றைச் சுருக்கி, உட்கார எழுவதுபோல் தானே வளையும். அந்த அசைவில் தாடை நெஞ்சில் பதிந்து தலை குனிந்து வெளியே வரும். பிறக்கும் குழந்தை வெறும் சுமை அல்ல, அதுவும் உழைக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் காட்சி மகப்பேற்றியலில் வேறு இல்லை. 2017இல் வெளியான அவர்கள் ஆய்வில் 229 பேர் இந்த நிலையிலும் 40 பேர் மல்லாந்த நிலையிலும் பெற்றார்கள். முன்னவர்களுக்கு நேரம் குறைந்தது, மருத்துவர் கைவைக்கும் தேவை குறைந்தது, தாய்க்கும் சேய்க்கும் காயம் குறைந்தது. ஒரே மருத்துவமனை, சிறிய எண்ணிக்கை என்பதை மறக்காமல் இதை வாசிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், 37ஆம் வாரத்தையொட்டி வயிற்றின் மேலிருந்தே இரு கைகளாலும் குழந்தையை மெல்லத் திருப்பிவிடும் முறை இருக்கிறது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது பலிக்கும். உடனடி அறுவை தேவைப்படும் அளவுக்குச் சிக்கல் வருவது 200க்கு ஒருவருக்குத்தான். தகுதியுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் சிசேரியன் தேதி குறிப்பதற்கு முன்னே இதைச் சொல்லாமல் விடுவதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஆண்டுக்கு 4000 பிரசவங்கள் நடக்கும் ஒரு பெரிய மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். நிறைமாதத்தில் பிட்டம் முன்னே இருப்பவை 120 முதல் 160 வரை. அனைவருக்கும் திருப்பிப் பார்த்தால் 60 முதல் 80 வரை மிஞ்சும். எடை, தலையின் நிலை, கால்களின் நிலை ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, தாயும் விரும்பினால், மூன்றில் ஒரு பங்கு இயல்பான பிரசவத்துக்கு முயலலாம். அவர்களிலும் சிலர் பாதியில் அறுவைக்குப் போவார்கள். கடைசியில் நிற்பவை ஆண்டுக்குப் பதினைந்தோ இருபதோ. இதை முப்பது மருத்துவர்களுக்குப் பங்கிட்டால் ஒருவர் கையும் பழகாது. நான்கைந்து பேர் கொண்ட ஒரு சிறு குழுவிடம் ஒப்படைத்து, அவர்களில் ஒருவர் எந்நேரமும் அழைத்தால் வரும்படி முறைவைத்து, பயிற்சி மாணவர்களைப் பக்கத்தில் நிறுத்தினால் பழகும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஷான் வாக்கர் தலைமையில் நடந்த ஆய்வு சோதித்துப் பார்த்தது ஏறக்குறைய இந்த ஏற்பாட்டைத்தான். அதற்கு வேண்டிய ஸ்கேனும் தியேட்டரும் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கின்றன. பிரசவ எண்ணிக்கையும் இருக்கிறது. கற்றுக்கொடுக்கக்கூடிய மூத்தவர்கள் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அவர்கள் ஓய்வுபெறும் ஆண்டுகளைப் பணிப்பதிவேட்டைப் பார்த்தே எண்ணிவிடலாம்.